வழியனுப்பு ஆராதனைக்கு முந்தைய ஒன்பது மாதங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பணி ஓய்வு பெற்றபின் வெளிநாட்டுத் திருச்சபைகளில் ஊழியம் செய்யக் கணவனும் மனைவியுமாகப் புறப்படுவோர் தமிழ்நாட்டுச் சபைகளிலும் இருக்கிறார்கள். மருத்துவர், செவிலியர், ஆசிரியர், கணக்கர், ஆய்வகப் பணியாளர் எனப் பலவகை. வழியனுப்பு ஆராதனை, பொன்னாடை, காணிக்கை எல்லாம் குறைவில்லாமல் நடக்கின்றன. ஆனால் அறுபது வயதைத் தாண்டிய இருவர் வேறொரு நாட்டில் காலூன்றத் தேவையான ஒன்பது மாத ஆயத்தத்தைச் சபைகள் அவர்கள் தலையிலேயே விட்டுவிடுகின்றன. பாதியில் திரும்பி வந்தால், "அழைப்பு உறுதியாக இல்லை போலிருக்கிறது" என்று பேசுகிறார்கள். பெரும்பாலும் அழைப்பில் குறையிருப்பதில்லை. மருந்து தீர்ந்திருக்கும், ஓய்வூதியம் நின்றிருக்கும், அல்லது மனைவிக்கு அங்கே என்ன வேலை என்று யாருமே யோசித்திருக்க மாட்டார்கள்.

பொதுவாகச் சொன்னால் பயன்படாது என்பதால் ஒரு நாட்டை எடுத்துக்கொள்கிறோம். ஆப்பிரிக்காவின் தென்கிழக்கிலுள்ள மலாவியில் திருச்சபை மருத்துவமனைகளும் பள்ளிகளும் நிறைய. 1875-இல் ஸ்காட்லாந்து மிஷனெரிகள் அங்கே லிவிங்ஸ்டோனியா மிஷனைத் தொடங்கினார்கள். முதலில் ஏரிக்கரையிலுள்ள கேப் மக்லியரில் தங்கினார்கள். காய்ச்சல் ஆட்களைத் தொடர்ந்து கொன்றதால் 1881-இல் பண்டாவேக்கும், அங்கும் மலேரியா விடாததால் 1894-இல் மேட்டு நிலத்திலுள்ள கொண்டோவேக்கும் (இன்று லிவிங்ஸ்டோனியா எனப்படும் ஊர்) இடம் மாறினார்கள். மிஷனை நடத்திய டாக்டர் ராபர்ட் லாஸ் 1927 வரை அந்த நாட்டில் உழைத்தார். உடல்நிலைக்காக இரண்டு முறை இடத்தையே மாற்றிய மிஷன் அது. "விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு?" என்று கேட்பவர்கள் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும்.

முதல் வேலை, அழைக்கும் சபையிடமிருந்து எழுத்துப்பூர்வமான கடிதம் வாங்குவது. "வாருங்கள், கர்த்தர் நடத்துவார்" என்கிற மின்னஞ்சல் போதாது. யாருக்குக் கீழ் வேலை, வீடு எது, தண்ணீரும் மின்சாரமும் யார் பொறுப்பு, வாகனம் உண்டா, விமானச் சீட்டுக்கு யார் பணம், நோய் முற்றினால் ஊருக்கு அனுப்புவதென்று முடிவெடுப்பவர் யார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். மனைவியின் வேலையும் தனியாக இருக்க வேண்டும். வேலை அனுமதி பெரும்பாலும் கணவர் பெயரில்தான் கேட்கப்படுகிறது. மனைவி அவரைச் சார்ந்தவராகப் போகிறார். சார்ந்தவர் என்ற அனுமதியில் இருப்பவர் சம்பளமில்லாமல்கூட வார்டில் நின்று வேலை செய்வது பல நாடுகளில் சட்டப்படி சிக்கல். முப்பத்தைந்து ஆண்டு செவிலியராக இருந்த அம்மா, கையில் வேலையில்லாமல் மலைமேல் ஒரு வீட்டில் உட்கார்ந்திருப்பார். மூன்றாம் மாதம் அவர் "ஊருக்குப் போகலாம்" என்று சொன்னால் அதில் அவர் தவறு எதுவுமில்லை. இருவருக்கும் தனித்தனி அனுமதி கேட்க வேண்டும். மருத்துவராகவோ செவிலியராகவோ பணிபுரிய அந்நாட்டு மருத்துவ அல்லது செவிலியர் மன்றத்தில் பதிவும் வேண்டும். அதற்கு நம் மாநில மன்றத்திலிருந்து நன்னடத்தைச் சான்று வாங்கிக்கொள்ள வேண்டும். சுற்றுலா விசாவில் போய் நோயாளியைத் தொட்டால் அழைத்த சபைக்குத்தான் முதலில் தொல்லை.

ஆவணங்களில் தமிழர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு: இனிஷியல். பட்டச் சான்றிதழில் பெயருக்கு முன் ஓர் எழுத்து. பாஸ்போர்ட்டில் அதே எழுத்து தகப்பனார் பெயராக விரிந்து பின்னால் நிற்கும். மனைவியின் பள்ளிச் சான்றில் தகப்பனார் இனிஷியல், ஆதாரில் கணவர் இனிஷியல். நமக்கு இது சாதாரணம். வெளிநாட்டுக் குடிவரவு அதிகாரிக்கு மூன்று வெவ்வேறு ஆட்கள். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை அடிப்படையாக வைத்து, மற்ற பெயர்களும் இதே ஆளையே குறிக்கும் என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக்கொள்ள வேண்டும். விமானச் சீட்டு, தடுப்பூசி அட்டை, அழைப்புக் கடிதம் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட் பெயரே எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். அடுத்தது திருமணச் சான்று. நாற்பது ஆண்டுக்கு முன் ஆலயத்தில் மணமுடித்தவர்களிடம் ஆலயப் பதிவேட்டின் நகல் மட்டுமே இருக்கும். ஆவணம் உண்மையானது என்று பிற நாடுகளுக்குக் காட்டும் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரைக்கு அரசின் பதிவுத்துறை சான்றிட்ட நகல் தேவை. பழைய பதிவேட்டைத் தேடி எடுக்க வாரக்கணக்கில் ஆகும் என்பதால் முதல் மாதத்திலேயே விண்ணப்பித்துவிடுவது நல்லது. காவல்துறை நன்னடத்தைச் சான்று இதற்கு நேர் எதிர். பல நாடுகள் ஆறு மாதத்துக்கு மேல் பழையதை ஏற்பதில்லை, அதனால் அதைக் கடைசியில் வாங்க வேண்டும்.

பண விஷயத்துக்கு வருவோம். உதவிபெறும் பள்ளியில் இருந்தவர்களுக்கு மாநில அரசு ஓய்வூதியம், மிஷன் மருத்துவமனையில் இருந்தவர்களுக்குப் பெரும்பாலும் வருங்கால வைப்புநிதி ஓய்வூதியம், மத்திய அரசுப் பணியில் இருந்தவர்களுக்கு வேறு. மூன்றுக்கும் உயிர்வாழ் சான்று தரும் காலம் ஒன்றல்ல. மத்திய அரசு ஓய்வூதியருக்கு நவம்பர். எண்பது வயதைக் கடந்தவர்கள் அக்டோபரிலேயே தரலாம். வைப்புநிதி ஓய்வூதியர் எந்த மாதத்திலும் தரலாம். கொடுத்த நாளிலிருந்து ஓராண்டு செல்லும். மாநில அரசு ஓய்வூதியர் தமக்குரிய நேர்காணல் மாதத்தைக் கருவூலத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டிப் பதியும் வசதி இருக்கிறது. ஊரிலேயே ஒருமுறை செய்து பழகிவிட்டுப் போவது நல்லது. மலைமேல் இணையம் வரும்போது மின்சாரம் இருக்காது, மின்சாரம் வரும்போது இணையம் இருக்காது. இயலாதபோது தலைநகர் லிலோங்வேயிலுள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்து வாங்கி அனுப்பலாம். ஆனால் லிவிங்ஸ்டோனியா நாட்டின் வடபகுதியில் இருக்கிறது, அங்கிருந்து தலைநகருக்கு ஒரு முழுநாள் பயணம்.

இதைவிட அதிகம் பேர் மாட்டிக்கொள்வது கைப்பேசி எண்ணில். வங்கியின் ஓ.டி.பி. இந்திய எண்ணுக்குத்தான் வரும். அந்த சிம் ரீசார்ஜ் இல்லாமல் செத்துப்போனால் கணக்கில் பணமிருந்தும் எடுக்க வழியில்லை. பன்னாட்டு ரோமிங்கைப் புறப்படும் முன்பே இயக்கி, மாதம் தவறாமல் ரீசார்ஜ் செய்யும் பொறுப்பை ஊரிலுள்ள ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும். வேலை அனுமதி பெற்றுப் போகிறவர்கள் சேமிப்புக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றியாக வேண்டும். ஓய்வூதியம் அதிலும் வரவு வைக்கப்படும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் வெளிநாடுவாழ் இந்தியராக ஆனபின் புதிய கணக்கு தொடங்க முடியாது, பணம் போடுவதாக இருந்தால் அதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். நியமனதாரர் பெயர், பிள்ளைகளில் ஒருவருக்கு அதிகாரப் பத்திரம், இரண்டு சாட்சிகளோடு உயில் ஆகியவை முடிந்திருக்க வேண்டும். உயில் என்றதும் முகம் சுளிக்கும் குடும்பங்கள் உண்டு. எழுதி வைக்காமல் போய், பிறகு பிள்ளைகள் கடல்கடந்து தொலைபேசியில் சண்டை போடுவது அதைவிடக் கொடுமை.

உடலைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது இதுதான். புறப்படும் முன் இருவருக்கும் முழுப் பரிசோதனை: இதயம், சிறுநீரகம், சர்க்கரை, கண், பல், ஆண்களுக்கு புராஸ்டேட். கண்புரை இருந்தால் இரண்டு மூன்று மாதம் முன்பே அறுவை செய்து, புதுக் கண்ணாடியும் இன்னொரு ஜோடியும் வாங்கிவிட வேண்டும். ஆடுகிற பல்லை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. வார்ஃபரின் போன்ற ரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவர்கள், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை அந்த மருத்துவமனையில் ஒழுங்காக நடக்கிறதா என்று கேட்டறிந்த பிறகே முடிவு செய்ய வேண்டும். மலேரியா தடுப்பு மாத்திரைகளில் சிலவும் வார்ஃபரினின் வேகத்தை மாற்றும்.

மாத்திரைகளை விற்பனைப் பெயரால் மட்டும் அறிந்து வைத்திருப்பது நம்மிடம் பரவலான பழக்கம். இங்குள்ள பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. மருந்தின் பொதுப்பெயர், மில்லிகிராம், வேளை மூன்றையும் மருத்துவரின் கையெழுத்தோடு வாங்கி, கைப்பையில் ஒரு பிரதியும் பெட்டியில் ஒரு பிரதியும் வைக்க வேண்டும். இன்சுலினைப் பெட்டியில் போட்டு விமானத்தின் அடித்தட்டில் ஏற்றவே கூடாது. உறைந்துபோனால் அது உதவாது, உருகியபின் பார்வைக்கு நன்றாகத் தெரிந்தாலும் வேலை செய்யாது. திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். திறந்ததைப் பெரும்பாலான வகைகளில் அறை வெப்பத்தில் 28 நாள் பயன்படுத்தலாம். மலாவியின் மின்சாரத்தில் பெரும்பகுதி ஷிரே ஆற்று நீர்மின் நிலையங்களிலிருந்து வருவது. 2022 ஜனவரியில் புயல் வெள்ளம் கபிச்சிரா நிலையத்தை உடைத்தபின் நாடே நீண்டகாலம் மின்வெட்டில் தவித்தது. வீட்டு ஃபிரிட்ஜை நம்பாமல், ஜெனரேட்டர் உள்ள மருத்துவமனையின் ஃபிரிட்ஜில் மருந்தகத்தார் ஓர் இடம் ஒதுக்கித் தருவார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடலாம்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியில் குழப்பம் அதிகம். மலாவியில் அந்த நோய்ப் பரவல் இல்லை. ஆனால் எத்தியோப்பியா, கென்யா, உகாண்டா போன்ற நாடுகளிலிருந்து வருகிறவர்களிடம் மலாவியும் சான்று கேட்கும், திரும்பும்போது இந்தியாவும் கேட்கும். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். விமானம் எந்த ஊர் வழியாகப் போகிறது, அங்கே எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதைச் சீட்டு வாங்கும் முன்பே பார்க்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையத்தில் இந்த ஊசி போடுகிறார்கள். போட்ட பத்தாம் நாளிலிருந்து சான்று செல்லும். 2016 ஜூலை முதல் அது ஆயுள் முழுவதற்கும் செல்லுபடியாகிறது. கவனிக்க வேண்டியது வயது. உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரித்த ஊசி இது. அறுபதைத் தாண்டி முதன்முறையாகப் போட்டுக்கொள்பவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு இளையவர்களைவிடக் கூடுதல். அதனால் வழித்தடத்தை மாற்றினால் ஊசியே தேவைப்படாதா என்று மருத்துவரோடு உட்கார்ந்து பேசுவதே முறை. கூட்டத்தோடு வரிசையில் நின்று போட்டுக்கொள்கிற ஊசி அல்ல இது.

மலேரியா வேறு கதை. நம் ஊரில் மலேரியா என்றால் நடுக்கம், குளோரோகுயின், நாலு நாள் படுக்கை என்பதே பலருடைய எண்ணம். மலாவியில் இருப்பது பால்சிபாரம் வகை. குளோரோகுயின் அதற்கு மருந்தல்ல. இரண்டு நாள் தாமதித்தால் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும். கொசுக்கடியிலேயே வளர்ந்தவர்கள் என்பதால் நமக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கும் என்று நம்புவது தவறு. தடுப்பு மாத்திரை மூன்று விதம். அட்டோவாகுவோன்-புரோகுவானில் தினம் ஒன்று, ஊர் திரும்பி 7 நாள் வரை. சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு ஆகாது. டாக்ஸிசைக்ளின் தினம் ஒன்று, திரும்பி 4 வாரம் வரை, விலை குறைவு. ஆனால் வெயிலில் தோல் கருகும், உணவுக்குழாய் புண்ணாகும். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், உடனே படுக்கக் கூடாது. மெஃப்ளோகுயின் வாரம் ஒன்று, அதுவும் திரும்பி 4 வாரம் வரை. மனச்சோர்வோ இதயத்துடிப்புக் கோளாறோ இருந்தவர்கள் தொடக் கூடாது. எதை எடுத்தாலும் மருந்து தோய்த்த வலை கட்டாயம். வலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருக வேண்டும், தொங்கவிட்டால் வலை இருந்தும் பயனில்லை. காய்ச்சல் கண்டால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. ஊருக்குத் திரும்பிச் சில மாதங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், "ஆப்பிரிக்காவில் இருந்து வந்தேன்" என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் டெங்கு என்று நினைத்து நாளைக் கடத்திவிடுவார்கள்.

மலாவி ஏரி கண்ணைப் பறிக்கும் அழகு. அதன் கரையோரத் தண்ணீரில் நத்தைகளால் பரவும் பில்ஹார்சியாப் புழு இருக்கிறது. தோல் வழியாகவே உடலுக்குள் நுழையும். இறங்கிக் குளித்தவர்கள் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துப் பரிசோதித்து, தேவைப்பட்டால் பிரசிகுவான்டெல் எடுக்க வேண்டும். மருத்துவமனையில் வேலை செய்பவர்களுக்கு இன்னொன்று: எச்.ஐ.வி. அங்கே பரவலாக உள்ளது. ஊசி குத்திவிட்டால் கூச்சப்படாமல் உடனே சொல்லி, 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கிவிட வேண்டும். முதல் சில மணி நேரத்தில் தொடங்குவதே சிறப்பு.

சமையலறையைச் சிறிய விஷயம் என்று தள்ளக் கூடாது. மூன்று வேளையும் பிடிக்காததைச் சாப்பிடும் முதியவர்கள் மெலிந்து சோர்ந்துபோகிறார்கள். கொண்டோவே போன்ற மேட்டு நிலத்தில் தண்ணீர் 95, 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாது. பிரஷர் குக்கரோடு இரண்டு காஸ்கெட், ஒரு வெயிட், இரண்டு சேஃப்டி வால்வு கூடுதலாக எடுத்துப் போக வேண்டும். மின்சாரம் நம்முடையதைப் போல 230 வோல்ட்தான். ஆனால் சாக்கெட் மூன்று தட்டைக் கால் உள்ள ஆங்கிலேய வகை. நம் உருண்டைக் கால் பிளக் நுழையாது. அடாப்டர் நான்கைந்து போதும். மிக்சிக்கும் கணினிக்கும் மின்னழுத்த ஏற்றஇறக்கத்தைத் தாங்க ஒரு ஸ்டெபிலைசர் வேண்டும். துவரை அங்கே விளைகிறது, இந்தியாவுக்கே ஏற்றுமதியாகிறது. நந்தோலோ என்று கேட்டால் சந்தையில் முழுத் துவரையாகக் கிடைக்கும். கரோங்காப் பக்கத்துக் கிளொம்பெரோ அரிசி மணமாகவும் நன்றாகவும் இருக்கும். உளுந்தும் புழுங்கல் அரிசியும் லிலோங்வே, பிளான்டைர் நகரங்களின் இந்தியக் கடைகளில் தேடிப் பார்க்கலாம். ஜூன், ஜூலைக் குளிரில் மாவு புளிக்காது. போர்வையில் சுற்றி அடுப்படியில் வைத்தால் ஒரு நாள் கழித்துப் பொங்கும். கறிவேப்பிலைக் கன்று, விதை எதையும் பெட்டியில் ஒளித்துக் கொண்டுபோக வேண்டாம்.

இவையெல்லாம் சரியாக அமைந்தும் சிலர் அங்கே ஒன்ற முடியாமல் போகிறார்கள். எங்கள் கணிப்பில் அதற்கு முதல் காரணம் பதவிப் பழக்கம். தலைமையாசிரியராகவோ மருத்துவக் கண்காணிப்பாளராகவோ ஓய்வு பெற்றவர், போன இரண்டாம் வாரமே வருகைப் பதிவேட்டைத் திருத்தக் கிளம்பிவிடுகிறார். அங்கே நிர்வாகம் அந்த நாட்டுச் சபையின் கையில் இருக்கிறது. நாம் அவர்களுக்குக் கீழ் வேலை செய்யப் போகிறோம். 1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில், திருநெல்வேலிச் சீமையின் வேதநாயகம் சாமுவேல் அசரியா மேற்கத்திய மிஷனெரிகளைப் பார்த்து, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். 1903-இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். அன்று நாம் பிறரிடம் கேட்டதை இன்று மலாவியர்கள் நம்மிடம் எதிர்பார்க்க முழு உரிமை உண்டு. முதல் மூன்று மாதம் எந்த மாற்றமும் முன்மொழிவதில்லை என்று இருவரும் தங்களுக்குள் முடிவு செய்துகொண்டு போகலாம்.

அந்த மூன்று மாதத்தை வீணாகக் கழிக்க வேண்டியிருக்கும் என்று சிலர் பயப்படுவார்கள். உண்மையில் அது மொழிக்கான காலம். வடக்கே தும்புகா, நடுவிலும் தெற்கிலும் சிச்சேவா. வணக்கம் சொல்லாமல் நேரே விஷயத்துக்குப் போவது அங்கே மரியாதைக் குறைவு. சிச்சேவாவில் "முலி புவாஞ்சி" என்று நலம் விசாரித்து, பதிலைக் கேட்டு, நம் நலத்தையும் சொன்ன பிறகே பேச்சு. அங்குள்ள இந்தியர்களில் பலர் தலைமுறைகளாகக் கடை வைத்திருக்கும் வணிகர்கள் என்பதால், இந்திய முகத்தைக் கண்டதும் முதலாளி என்றே நினைப்பார்கள். சாவுவீட்டுக்குப் போவது அங்கே தவிர்க்க முடியாத கடமை. அலுவலகமே மூடிவிட்டுப் போகும். பெண்கள் இடுப்பில் சிதெஞ்சேத் துணி சுற்றிக்கொண்டு, பெண்களோடு தரையில் அமர்வார்கள். புடவைமேல் அந்தத் துணியைச் சுற்றிக்கொண்டு பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தாலே ஒரு பெண்ணுக்கு அந்த ஊரில் இடம் கிடைத்துவிடும்.

கடன் கேட்டு வருவார்கள். பள்ளிக் கட்டணம், மருந்து, மக்காச்சோளம். 2022-இலும் 2023-இலும் அந்நாட்டு நாணயமான குவாச்சாவின் மதிப்பு அடுத்தடுத்துப் பெரிதாகக் குறைக்கப்பட்டதில் சாதாரணக் குடும்பங்கள் நொறுங்கிப்போயின, தேவை உண்மையானது. ஆனாலும் தனித்தனியாகக் கையில் கொடுக்கத் தொடங்கினால் நட்பு அறுந்துவிடும். மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையை உள்ளூர் சபையின் உதவி நிதியில் போட்டு, யாருக்கு என்பதை அவர்களே முடிவு செய்ய விட வேண்டும்.

கணவனும் மனைவியும் நாள் முழுவதும் ஒரே கூரையின் கீழ் இருப்பது பலருக்கு வாழ்க்கையிலேயே அதுதான் முதல்முறை. இரண்டாம் மாதத்திலிருந்து நான்காம் மாதம் வரை மனம் தாழும். பேரப்பிள்ளையின் முதல் பிறந்தநாள், ஊரில் ஒரு நெருங்கிய சாவு, எதுவும் அந்த நேரத்தில் இரட்டிப்பாய்த் தாக்கும். அதனால் முதல் தவணை ஆறு மாதம் போதும் என்கிறோம். தேதி குறித்த திரும்பும் சீட்டோடு போய், திரும்பி வந்து, உடலையும் மனதையும் பார்த்து, இருவரும் மனமொத்தால் மறுபடி இரண்டாண்டு போகலாம். எடுத்ததும் மூன்றாண்டுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லும் சபைகளுக்குச் சம்மதிக்க வேண்டாம்.

கடைசியாக, நம் திருமண்டலங்களிடம் ஒரு வேண்டுகோள். இங்குள்ள மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் வெளிநாட்டில் செல்லாது. பயணக் காப்பீடோ பொதுவாக ஆறு மாதத்தோடு முடிந்துவிடும், ஏற்கெனவே உள்ள நோயையும் விலக்கிவிடும். அவசரமாக ஜோகன்னஸ்பர்க்குக்கோ ஊருக்கோ விமானத்தில் கொண்டுவரும் செலவையும் ஏற்கும் காப்பீடு வேண்டும். அறுபதைத் தாண்டியவர்களுக்கு அதன் பிரீமியம் ஓய்வூதியத்தில் கட்டும் அளவில் இருக்காது. வழியனுப்புக் காணிக்கையின் முதல் செலவாக அதை அனுப்பும் சபை கட்டட்டும். அங்கேயே மரணம் நேர்ந்தால் அந்த மண்ணில் அடக்கமா, உடலை ஊருக்குக் கொண்டுவருவதா என்பதையும் இருவரும் தனித்தனியாக எழுதி, ஒரு பிரதியைச் சேகர குருவானவரிடமும் இன்னொன்றை மூத்த பிள்ளையிடமும் புறப்படும் முன் கொடுத்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
மிஷன் மருத்துவமனைகளில் பணியாற்றி ஓய்வுபெற்ற இருவர்,
பாளையங்கோட்டை.